மண்ணில் கிடைத்த போர்க்கால நினைவுப்பொருளை வீட்டாரிடம் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்டல் டிடெக்டரோடு நிலத்தில் நடக்கிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் இது நடக்கும். நாணயம் என்று நினைத்துத் தோண்டினால் கையில் ஒரு பெயர் வந்து நிற்கும். அதுவரை பொழுதுபோக்காக இருந்தது அந்த நிமிடத்திலிருந்து பொறுப்பாகிவிடுகிறது. அப்படிப் பொருள் கிடைத்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த மாதிரிப் பொருள்கள் கிடைக்கும்?

படைவீரர் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லை, பதக்கம், பெயர் செதுக்கிய கைச்சங்கிலி, சிகரெட் பெட்டி, மோதிரம். முதல் உலகப் போரில் அகழிகளில் கிடந்தவர்கள் எதிரியின் பீரங்கிக் குண்டு மூக்கிலிருந்த அலுமினியத்தை எடுத்து மோதிரம் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கள் படைப்பிரிவின் சின்னம் போட்ட, ஆடையில் குத்தும் சின்ன புரோச்சை வாங்கி மனைவிக்கோ காதலிக்கோ கொடுத்தார்கள். இவையெல்லாம் இன்றும் மண்ணிலிருந்து வருகின்றன.

போர்க்களத்தில்தான் கிடைக்கும் என்றில்லை. பயிற்சி முகாம் இருந்த இடம், படை தங்கிப் போன பண்ணை, ஊர் திரும்பியவர் பிறகு உழுத வயல் என்று எங்கும் கிடைக்கும். அதனால் வில்லை கிடைத்தாலே அதை அணிந்தவர் அங்கே இறந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அறுந்து விழுந்த சங்கிலியைத் தேடிப் பார்த்துவிட்டு வேறு வில்லை வாங்கிக்கொண்டு, எண்பது வயது வரை வாழ்ந்தவர்களும் உண்டு.

தேடுவதற்கு அனுமதி வேண்டுமா?

வேண்டும். நிலத்துக்காரரின் அனுமதி எல்லா இடத்திலும் அடிப்படை. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரிட்டனில் பாதுகாக்கப்பட்ட தொல்சின்ன இடங்களில் டிடெக்டர் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போரில் விழுந்த ராணுவ விமானத்தின் சிதைவை உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது என்று 1986-இல் தனியாக ஒரு சட்டம் வந்தது. பிரான்சில் வரலாற்றுப் பொருள் தேட அரசு நிர்வாகத்தின் அனுமதி தேவை. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் டிடெக்டரைப் பயன்படுத்தவே கூடாது. பழைய போர்க்களங்கள் பல அந்தப் பூங்காக்களுக்குள்தான் இருக்கின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே பேசி, முடிந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் உள்ள பொருள் கிடைத்தால் அது குடும்பத்துக்குப் போகும் என்று. நிலத்துக்காரருக்கும் அதில் உரிமை இருக்கலாம். நீங்களாக எடுத்துக் கொடுத்துவிட்டால் பிறகு மனக்கசப்பு வரும். நான் பார்த்தவரை, விஷயத்தைச் சொன்னால் மறுத்த நிலத்துக்காரர் யாரும் இல்லை.

டிடெக்டரில் இதற்கென்று ஏதாவது அமைப்பு உண்டா?

தனியாக எதுவும் இல்லை. ஆனால் ஒரு வழக்கத்தை விட வேண்டியிருக்கும். டிடெக்டரின் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகத்தில் அதனால் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது திருப்பி அனுப்பும் சைகையை இன்னொரு சுருள் வாங்குகிறது. அந்தச் சைகை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் திரையில் எண் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், மெல்லிய அலுமினிய வில்லைக்கு வரும் எண்ணும், குளிர்பான டின்னின் இழுவளையத்துக்கு வரும் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குப்பை என்று தள்ளிவிட்டுப் போகிற அந்தச் சத்தத்தில்தான் பல வில்லைகள் கிடக்கின்றன. இரும்பை முழுக்க ஒதுக்கிவைத்துத் தேடினாலும் சில பொருள்கள் கைநழுவும்.

இந்தக் கருவியே போரில் வளர்ந்ததுதான். கையில் தூக்கிப் போகும் கண்ணிவெடி காட்டியை உருவாக்கியவர் போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி. 1942-இல் எகிப்தின் எல் அலமைன் சண்டையில் பாலைவனத்துக் கண்ணிவெடிகளுக்கு நடுவே பிரிட்டிஷ் படைக்கு வழி திறக்க அது உதவியது.

பொருள் கையில் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதுவும் செய்யாமல் நில்லுங்கள். பொருளைக் குழிக்குப் பக்கத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். பிறகு குழியோடு ஒரு படம், நிலம் முழுவதும் தெரிய ஒரு படம். கைப்பேசியில் இருக்கும் ஜிபிஎஸ் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழம், உழுத மண்ணா உழாத மண்ணா, பக்கத்தில் வேறு என்ன கிடைத்தது, தேதி என்ன. இதற்குப் பத்து நிமிடம் ஆகும். செய்யத் தவறினால் பிறகு எவ்வளவு முயன்றாலும் திரும்பக் கிடைக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பொருளைப் பற்றியது அல்ல. "எங்கே கிடைத்தது?" என்பதுதான். தாத்தாவின் அண்ணனுடைய கைச்சங்கிலியை வாங்கிய ஓர் அம்மா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அந்த வயலில் மரம் இருக்கிறதா, சரிவா சமதளமா, தூரத்தில் என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு மங்கலான படம். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பொருளை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுத்தால் பாதிச் சேதி மண்ணிலேயே போய்விடும்.

தோண்டும்போது குண்டு மாதிரி ஏதாவது தெரிந்தால்?

தொடாதீர்கள். அசைக்காதீர்கள், படம் எடுக்க மண்ணை விலக்காதீர்கள். இடத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்க் காவல் துறைக்குச் சொல்லுங்கள். நூறு வருடப் பழசு, இனி என்ன வெடிக்கப் போகிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் உழவு நேரத்தில் மேலே வரும் குண்டுகளுக்கு 'இரும்பு அறுவடை' என்றே பெயர். அவற்றில் நச்சு வாயு அடைத்த குண்டுகளும் உண்டு. அவற்றை வாங்கிச் செயலிழக்கச் செய்யவே பெல்ஜிய ராணுவத்தின் ஒரு பிரிவு இன்றும் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது.

எலும்பு தெரிந்தால்?

அத்தோடு தோண்டுவதை நிறுத்திவிட்டுக் காவல் துறையை அழைக்க வேண்டும். எலும்பு தெரியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பித்தான்கள் ஒரே வரிசையில் வந்தால் அங்கே ஒரு சட்டை இருந்திருக்கிறது. இடுப்புவார்க் கொக்கியும் காலணி ஆணிகளும் ஓர் ஆள் நீளத்தில் கிடந்தால் நீங்கள் நிற்பது ஒரு கல்லறையாக இருக்கலாம். அங்கே ஒரு பித்தானை எடுத்தாலும் அவர் யார் என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் குறைக்கிறீர்கள்.

பிரிட்டனில் ஜேசிசிசி என்ற பாதுகாப்பு அமைச்சகப் பிரிவும், அமெரிக்காவில் டிபிஏஏ என்ற பாதுகாப்புத் துறை அமைப்பும் இப்படிக் கிடைத்தவர்களை அடையாளம் காண்கின்றன. ஜெர்மானியர்களுக்கு 1919-இல் தொடங்கிய ஃபோல்க்ஸ்புண்ட் என்ற போர்க் கல்லறை அமைப்பு இருக்கிறது. டிஎன்ஏ ஒப்பிட்டு, உறவினரைத் தேடி, ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். இடம் கலையாமல் இருந்தால்தான் அது நடக்கும்.

எழுத்தே தெரியவில்லை. தேய்த்துக் கழுவலாமா?

வேண்டாம். பித்தளை பாலிஷ், எலுமிச்சைச் சாறு, வினிகர், கம்பித் தூரிகை எதுவும் கூடாது. மண்ணில் கிடந்த அலுமினியத்தின் மேலே வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதைச் சுரண்டினால் மேலோட்டமாகக் குத்திய எழுத்தும் கூடவே போகும். ஒட்டியிருக்கும் ஈரமண்ணைச் சாதாரணத் தண்ணீரில் மென்மையாக விலக்கி, நிழலில் உலரவிட்டால் போதும்.

படிப்பதற்கு வெளிச்சம்தான் வழி. இருட்டறையில் வில்லையை மேசைமேல் படுக்க வைத்து, டார்ச்சை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். டார்ச்சை மெதுவாகச் சுற்றிக்கொண்டே எட்டுப் பத்துப் படம் எடுங்கள். ஒரு கோணத்தில் 3 என்று தெரிந்தது இன்னொரு கோணத்தில் 8 என்று தெரியும். தெரிந்ததை அப்படியே எழுதுங்கள், சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகத்தில் ஒரு எழுத்தை நிரப்பிவிட்டால் அதன்பின் கண்ணுக்கு அதுதான் தெரியும். வேறொரு ஆளின் குடும்பத்தைத் தேடிப் போக அந்த ஒரு எழுத்து போதும்.

வில்லையில் இருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

நாட்டுக்கு நாடு முறை வேறு.

பிரிட்டிஷ் படையில் 1907 முதல் அலுமினிய வில்லை இருந்தது. 1914-இல் சிவப்பு நார் அட்டைக்கு மாறினார்கள். 1916 முதல் பச்சை எண்கோணம் ஒன்று, சிவப்பு வட்டம் ஒன்று என இரண்டு. இறந்தால் பச்சை உடலோடு இருக்கும், சிவப்பைக் கழற்றிப் போவார்கள். நார் அட்டை டிடெக்டருக்குத் தெரியாது, ஈரமண்ணில் மக்கியும் போகும். இது வீரர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் பலர் சொந்தக் காசில் உலோக வில்லையோ கைச்சங்கிலியோ வாங்கிப் பெயரைச் செதுக்கிக்கொண்டார்கள். நாணயத்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்து அதில் செதுக்கியவர்களும் உண்டு. உங்கள் டிடெக்டர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். தான் பெயரில்லாமல் போய்விடக் கூடாது என்று ஒருவர் தானே செய்துகொண்ட ஏற்பாடு அது.

அதில் இருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 1920 வரை ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியாக எண் கொடுத்தது. ஒரே எண்ணில் பல பேர் இருந்தார்கள். படைப்பிரிவின் பெயரோடு சேர்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க வில்லை தேடுகிறவருக்கு ரொம்ப உதவும். முதல் வரியில் பெயர். அடுத்ததில் எண், டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டு, ரத்த வகை. எண் 1 என்று தொடங்கினால் தானாகச் சேர்ந்தவர், 3 என்றால் கட்டாயச் சேர்க்கை. 1943 நடுவில் நிறுத்தும் வரை நெருங்கிய உறவினரின் பெயரும் வீட்டு முகவரியுமே அதில் அச்சடித்திருந்தார்கள். ஓரத்தில் இருக்கும் பள்ளம் இறந்தவரின் பல்லிடுக்கில் செருகுவதற்கு என்று ஒரு கதை சுற்றுகிறது. அது உண்மையல்ல, அச்சடிக்கும் எந்திரத்தில் தகடு நகராமல் நிற்பதற்கான பள்ளம் அது.

ஜெர்மன் வில்லையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முட்டை வடிவம், நடுவில் குறுக்கே துளைக்கோடு, மேலும் கீழும் ஒரே எழுத்து. இரண்டாம் போரில் அதில் பெயரே கிடையாது. படைப்பிரிவின் சுருக்கமும் வரிசை எண்ணும் மட்டும். அந்தப் படைப்பிரிவும் வில்லையைக் கொடுத்த பிரிவுதான், அவர் கடைசியில் சண்டையிட்ட பிரிவாக இருக்க வேண்டியதில்லை. அணிந்தவர் இறந்தால் கீழ்ப்பாதியை உடைத்து எடுத்துப் போவார்கள், மேல்பாதி உடலோடு இருக்கும். அப்படியானால் உடையாத முழு வில்லை கிடைத்தால் என்ன அர்த்தம்? தொலைந்ததாகவோ போர் முடிந்ததும் வீசியதாகவோ இருக்கலாம். யாரும் வந்து எடுக்காத ஒருவர் அங்கேயே கிடக்கிறார் என்றும் இருக்கலாம். தோண்டுவதை நிறுத்திச் சொல்ல வேண்டிய இடம் அது. இந்த எண்களின் பதிவேடு இப்போது ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்திடம் இருக்கிறது.

சோவியத் வீரர்களிடம் உலோக வில்லை இல்லை. திருகு மூடி போட்ட சின்னக் கருப்புக் குப்பி, உள்ளே சுருட்டிய காகிதத்தில் பெயரும் ஊரும். அதை எழுதினால் சாவு வரும் என்று நம்பி வெறுமனே விட்டவர்கள் பலர். 1942 நவம்பரில் அந்த முறையையே நிறுத்திவிட்டார்கள். அப்படி ஒரு குப்பி கிடைத்தால் நீங்கள் திறக்கவே கூடாது. ஈரக் காகிதம் பிரிக்கும்போதே கூழாகிவிடும். அப்படியே நிபுணரிடம் கொடுங்கள்.

பதக்கம் கிடைத்திருக்கிறது. பெயர் எங்கே இருக்கும்?

முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. நட்சத்திர வடிவப் பதக்கத்தில் பின்பக்கம் இருக்கும். இரண்டாம் போரில் பிரிட்டன் தன் படைக்குப் பெயரில்லாமலே பதக்கம் கொடுத்தது. இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கப் படைகளுக்குக் கொடுத்தவற்றில் பெயர் உண்டு.

உள்ளங்கையை விடப் பெரிதாக, சுமார் 12 சென்டிமீட்டர் அகலத்தில் வெண்கலத் தட்டு கிடைத்தால், அது முதல் போரில் இறந்தவரின் வீட்டாருக்குப் பிரிட்டன் அனுப்பியது. 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். முழுப்பெயர் மட்டும் இருக்கும். பதவி வேண்டுமென்றே போடவில்லை, இறப்பில் மேல் கீழ் கூடாது என்பதற்காக.

பெயர் தெரிந்துவிட்டது. அடுத்து எங்கே தேடுவது?

முதலில் அவர் இறந்தாரா பிழைத்தாரா என்று பாருங்கள். 1917-இல் உருவான காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தேடுபக்கம் இலவசம். இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். பல பதிவுகளில் பெற்றோர் பெயரும் ஊரும் உண்டு. சிறைப்பட்டவராக இருந்தால் ஜெனீவாவில் இருக்கும் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் போர்க்கால அட்டைகள் இணையத்தில் உள்ளன. சோவியத் வீரர்களுக்கு ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தரவுத்தளம் உண்டு.

பணிப்பதிவேடு கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். முதல் போரின் பிரிட்டிஷ் படைவீரர் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் 1940-இல் லண்டன் மீது விழுந்த குண்டுகளில் எரிந்துபோயின. அமெரிக்காவில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பிடித்த தீ 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகளை அழித்தது. அப்போதெல்லாம் சுற்றுவழிதான்: பதக்கப் பட்டியல், ஊர் நினைவுத்தூண், பழைய உள்ளூர்ச் செய்தித்தாள், படைப்பிரிவின் அருங்காட்சியகம். அருங்காட்சியகத்தில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர் பதினைந்து நிமிடத்தில் சொல்வதை நாம் தனியாக மூன்று மாதம் தேடுவோம்.

இந்திய வீரரின் பெயராக இருந்தால்?

கடினம், ஆனால் முடியாதது அல்ல. பெயர் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தந்தை பெயரும் ஊரும்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். பஞ்சாப் வீரர்களுக்கு ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது: லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த முதல் போர்ப் பதிவேடுகள், ஊர் வாரியாக சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேரைப் பற்றியவை. 2021-இல் அவற்றின் ஒரு பகுதி இணையத்துக்கு வந்தது. ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பதுதான் மிகச் சிறந்த வழி.

வாரிசு என்று யாரைச் சொல்வது?

இறந்த பலர் இருபது வயதுப் பையன்கள், கல்யாணம் ஆகாதவர்கள். நேரடி வாரிசு இருக்காது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கையின் பேரப்பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஒரே தலைமுறையில் ஏழெட்டுப் பேர் இருந்தால், யாருக்கு என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. அந்த வீட்டில் குடும்பக் கதைகளையும் படங்களையும் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், மற்றதை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

முதலில் எப்படித் தொடர்புகொள்வது?

கடிதம். தொலைபேசியில் திடீரென்று அழைத்து இறந்தவர் பெயரைச் சொன்னால் ஏமாற்றுக்காரர் என்றுதான் நினைப்பார்கள். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஐயா, நான் இன்னார், இந்த ஊர். இந்தப் பெயருள்ள படைவீரர் ஒருவருக்கு நீங்கள் உறவினராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அவருடையது என்று தோன்றும் ஒரு சிறு பொருள் எனக்குக் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு விருப்பம் இருந்தால் அதை உங்களிடம் சேர்க்க விரும்புகிறேன். எனக்குப் பணம் எதுவும் வேண்டாம். விருப்பம் இல்லையென்றால் பதில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை." அவ்வளவுதான். அவர் எப்படி இறந்தார் என்று தெரிந்திருந்தாலும் முதல் கடிதத்தில் எழுத மாட்டேன். கேட்டால் சொல்வேன்.

இணையத்தில் படம் போட்டுத் தேடலாமா?

கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டால் முழு எழுத்தும் தெரியாமல் போடுங்கள். எண்ணின் கடைசி மூன்று இலக்கமோ, பின்பக்கம் செதுக்கியிருப்பதோ, ஒன்றை மறைத்தே வைக்க வேண்டும். உரிமை கேட்டு வருகிறவர் நிஜ உறவினரா, விற்கப் பார்ப்பவரா என்று பிரிக்க அது ஒன்றுதான் கையில் இருக்கும். இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைப் போடவே கூடாது. அடுத்த வாரமே இரவில் யாரோ வந்து குழி பறித்திருப்பார்கள்.

குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

ஏற்றுக்கொள்ளுங்கள். போரிலிருந்து திரும்பி வந்து வீட்டில் இருந்தவர்களை அடித்துத் துன்புறுத்தியவர்களும் இருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பொருள் வேறு ஒன்றை நினைவூட்டும். காரணம் கேட்காதீர்கள். படைப்பிரிவின் அருங்காட்சியகத்துக்கோ, அவருடைய ஊருக்கோ கொடுக்கலாமா என்று மட்டும் கேளுங்கள். ஒரு வருடம் கழித்து மனம் மாறி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் அவசரப்பட்டு எங்கும் கொடுத்துவிட வேண்டாம்.

செலவையாவது கேட்கலாமா? விற்றால் என்ன?

தபால் செலவை அவர்களே தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளலாம். நீங்களாகக் கேட்க வேண்டாம். விற்பது பல இடங்களில் சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒருவர் தன் பெயரைச் செதுக்கி மார்போடு வைத்திருந்ததை, அவருடைய ஆட்கள் இருக்கும்போது ஏலத்தில் விடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எதிரி நாட்டு வீரருடையதாக இருந்தால்?

அவருக்கும் வீடு இருந்தது. அமெரிக்காவின் ஆரிகனில் இயங்கும் ஓபான் சொசைட்டி, அமெரிக்க வீரர்கள் போரில் எடுத்து வந்த ஜப்பானிய வீரர்களின் கொடிகளை ஜப்பானில் இருக்கும் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பி வருகிறது. அந்தக் கொடி முழுக்க ஊராரும் உறவினரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உடலே திரும்பாத வீடுகளில் அந்தத் துணிதான் அவர். ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகமும், வதைமுகாம்களில் கைதிகளிடம் பறித்த கடிகாரம், மோதிரம், படங்களை 2016-இல் தொடங்கிய இயக்கம் ஒன்றின் வழியாக வாரிசுகளைத் தேடிக் கொடுத்து வருகிறது.

எப்படி அனுப்புவது?

நேரில் கொடுக்க முடிந்தால் நேரில். முடியாவிட்டால் பதிவுத் தபாலில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும்படி. வேறு நாட்டுக்கு என்றால் பழைய பொருளை வெளியே அனுப்ப அனுமதி தேவையா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தோட்டா உறை மாதிரி எதையும் கூடப் போடாதீர்கள், சுங்கத்தில் மொத்தப் பெட்டியும் நின்றுவிடும். பொருளை அமிலமில்லாத காகிதத்தில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் தங்கி அரிப்பு கூடும்.

அப்புறம், பொருளோடு ஒரு உறை. அதில் நிலத்தின் படங்கள், இடம் குறித்த வரைபடம், ஆழம், தேதி, நிலத்துக்காரர் சம்மதித்தால் அவருடைய தொடர்பு. அந்தப் படங்களை எடுக்க நான் இப்போது தனியாக ஒருநாள் திரும்பிப் போகிறேன். நான்கு திசையிலும் ஒவ்வொரு படம், மரம் இருந்தால் மரத்தோடு.